தேச விரதமும் கைப்பேசியும்



காஞ்சி மாநகரில் பிள்ளையார்பாளையத்துத் தறி ஓசையைக் கடந்து, வேகவதியாற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று முன்னோர் போற்றிய தலம். திரைலோக்கியநாதர் திருக்கோயிலின் சுற்றில், மேடை கட்டிக் காக்கப்படும் குரா மரத்தை வணங்காதவர் நம்மில் எவரும் இரார். அம்மரத்தைப் பற்றிய பழம்பாடல் ஒன்று அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அம்மரம் தன் அளவினின்று குறைவதுமில்லை, மிகுவதுமில்லை. அவ்வாறு நிற்பதே மன்னனின் செங்கோல் நேராக இருப்பதற்குச் சான்று என்பது அதன் கருத்து. தன் அளவு அறிந்து நிற்கும் ஒரு மரத்தைக் கொண்டு ஓர் அரசின் நேர்மையை அளந்தார்கள் என்றால், அளவு என்பதனை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது விளங்கும்.

சென்ற சதுர்த்தசியன்று தரிசனத்திற்குச் சென்றிருந்தோம். இளம்பெண்கள் இருவர் அம்மேடைக்கு அருகில் நின்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டிருந்தனர். நாற்பதாண்டுப் பழக்கம் விடுமா? கடிந்து சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் நம் கைப்பைக்குள்ளிருந்தே மணி ஒலித்தது. "நிஸ்ஸஹி" என்று மும்முறை கூறி, உலகியல் அனைத்தையும் வாயிலிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லித்தான் உள்ளே நுழைந்தோம். வாய் சொன்னது, கைப்பை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டோம். அன்று மண்டபத்தில் அமர்ந்து எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறோம்.

இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்ட பன்னிரு விரதங்களுள் அணுவிரதங்கள் ஐந்தையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். அவற்றிற்கு வேலியாக அமைந்தவற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. திக்விரதம் என்பது, வாழ்நாள் முழுமைக்கும் இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்வதில்லை என்று வரையறுத்துக்கொள்வது. தேச விரதம், அல்லது தேசாவகாசிகம் என்பது, அந்தப் பெரிய எல்லைக்குள்ளும் ஒரு நாளைக்கோ, ஒரு பட்சத்திற்கோ, ஒரு திங்களுக்கோ மேலும் சுருக்கிக்கொள்வது. இதனை உமாசுவாமிகள் குணவிரதங்களில் ஒன்றாக வைத்தார். சமந்தபத்திர ஆசாரியர் சிட்சாவிரதங்களில் ஒன்றாக வைத்தார். எண்ணிக்கையில் உள்ள இந்த வேறுபாடு அறிஞர்களுக்கு உரியது. நமக்கு விரதம் ஒன்றே.

காஞ்சியோடு தொடர்புடையவர் என்று மரபு போற்றும் அந்தச் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் திக்விரதத்துக்குரிய எல்லைகளாகக் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றைச் சொல்லுகிறார். தேசாவகாசிகத்துக்கோ வீடு, தெரு, ஊர், வயல் என்று எல்லை அருகில் வந்துவிடுகிறது. அந்நூலின் கருத்தைத் தழுவியே நம் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. ஆசாரியர் எல்லை என்ற பொருளில் ஆளும் வடசொல் "மரியாதா" என்பது. அதுவே தமிழில் "மரியாதை" ஆயிற்று. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதை மட்டுமே நாம் மரியாதை என்கிறோம். ஒருவருடைய எல்லை எது என்று அறிந்து அவ்விடத்தில் நிற்பது அச்சொல்லின் முதற்பொருள். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இதை நாம் மாணவியருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நமக்கே அப்போது தெரியாது.

இனி அதிசாரங்களுக்கு வருவோம். விரதத்தை முற்றும் முறிக்காமல், ஓரத்தில் கிழிப்பதற்கு அதிசாரம் என்று பெயர். தேச விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. எல்லைக்கு அப்பாலுள்ள பொருளைப் பிறரைக் கொண்டு வரவழைத்தல் ஒன்று. எல்லைக்கு அப்பால் ஆளை ஏவிக் காரியம் முடித்துக்கொள்ளுதல் ஒன்று. தான் எல்லைக்குள் நின்றபடியே குரல் கொடுத்து அப்பாலுள்ளவனுக்குக் குறிப்புணர்த்தல் ஒன்று; இது சப்தானுபாதம். தன் உருவத்தைக் காட்டி அப்பாலுள்ளவனை அழைத்தல் ஒன்று, இது ரூபானுபாதம். கல்லையோ மண்ணாங்கட்டியையோ எறிந்து கவனத்தை ஈர்த்தல் ஒன்று, இது புத்கலக்ஷேபம்.

பயிற்சிப் பள்ளியில் படித்த நாளில் இப்பட்டியலைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். விரதம் பூண்ட ஒருவர் வாசற்படியில் நின்று இருமுவதும், தலையை நீட்டிக் காட்டுவதும், கல்லெறிவதுமான காட்சி சிரிப்பூட்டத்தானே செய்யும்? இப்போது சிரிப்பு வருவதில்லை. காலையில் நாற்காலியை விட்டு எழாமல் நாம் செய்வது என்ன? குரல் பதிவு அனுப்புகிறோம்: சப்தானுபாதம். படம் அனுப்புகிறோம், காணொளி அழைப்பில் முகம் காட்டுகிறோம்: ரூபானுபாதம். ஒருவர் இட்ட செய்தியின்மேல் கட்டைவிரல் குறியையும் கூப்பிய கையையும் எறிகிறோம்: புத்கலக்ஷேபம். பொருளை வரவழைப்பதற்கும் ஆளை ஏவுவதற்கும் செயலிகள் உள்ளன. உடம்பு எல்லைக்குள் இருக்கிறது. உபயோகம் மட்டும் உலகெங்கும் திரிகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசாரியர்கள் இக்கருவியைக் கண்டவர்கள் அல்லர். மனித மனம் எல்லையை எந்த வழியாகவெல்லாம் தாண்டும் என்பதைக் கண்டவர்கள்.

இவற்றையெல்லாம் பாவம் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரனின் முகத்தைக் காணும் பாட்டிக்கு அது வினைக்கட்டு என்று சொன்னால் கேட்பவர் நகைப்பர். விரதம் பூண்ட நேரத்தில், பூண்ட எல்லைக்கு அப்பால் செல்லும்போதுதான் அது அதிசாரமாகும். ஆனால் நம்மில் யார் அந்த எல்லையை ஒருமுறையேனும் வகுத்துக்கொண்டோம்? வகுக்காதவனுக்கு அதிசாரமும் இல்லை, விரதமும் இல்லை.

இங்கு நம் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமையில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தங்கை மகள் ஒரு நாள் மாலை நம் வீட்டுக்கு வந்தாள். "பெரியம்மா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்" என்று தொடங்கினாள். அவள் கணவர் கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் சூதில் இழந்து, நகைகளை அடகு வைத்து, கடனும் வாங்கியிருந்தார். இரண்டு மணி நேரம் அழுதாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் கையைப் பிடித்து நாம் சொன்னோம். மறுநாள் நம் நாத்தனாருக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினோம். அவர் மகன் வங்கியில் பணிபுரிகிறார். கடனைச் சீர்செய்ய வழி சொல்லுவார் என்பது நம் எண்ணம். நல்லெண்ணந்தான். நாத்தனாரும் நல்லெண்ணத்தோடு அப்பதிவை மகனுக்கு அனுப்ப முனைந்தார். விரல் தவறி அது உறவினர் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது. நூற்று நாற்பது பேர் உள்ள குழு. அவர் பதறி நீக்குவதற்குள் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். அன்று மாலைக்குள் கூப்பிய கைகள் எத்தனை, அறிவுரைகள் எத்தனை! வந்தவாசியிலிருந்து அவள் கணவரின் அண்ணன் நேரே அழைத்துத் தம்பியைக் கேட்டார். அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று இன்றுவரை நமக்கு முழுமையாகத் தெரியாது. அவள் நம் வீட்டுப் படியேறவில்லை.

நாத்தனாரின் விரலைப் பழித்து நாம் சில மாதங்கள் ஆறுதல் தேடிக்கொண்டோம். பின்னர் வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்களைப் படிக்கையில் அந்த ஆறுதலும் போயிற்று. பொய் சொல்லுதல் மட்டுமே வாய்மைக்குக் கேடு என்று எண்ணியிருந்தோம். ஆசாரியர்கள் மறைவில் அறிந்ததை வெளியிடுதலையும், கோள் கூறுதலையும், நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளைக் கவர்தலையும் அங்கேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் அது வாய்மையின் அதிசாரம். அவள் நம்மிடம் வைத்தது அடைக்கலப் பொருள். நகையை அடகுக் கடைக்காரர் பிறரிடம் கொடுத்தால் வழக்குத் தொடுப்போம்; சொல்லை நாம் கொடுத்தோம். நாத்தனாரின் விரல் தவறியதற்கு முன்பே எல்லை தாண்டியாயிற்று. "உன் பொருட்டு இன்னாரிடம் கேட்கட்டுமா?" என்று ஒரு சொல் அவளிடம் கேட்டிருக்கலாம். அது நமக்குத் தோன்றவேயில்லை. மூத்தவள் என்ற எண்ணம் கேட்கவிடவில்லை.

அவ்வாண்டு தசலட்சண விழா முடிந்து மன்னிப்புக் கேட்கும் நாள் வந்தது. அழகிய தாமரைப் படத்தின்மேல் மன்னிப்பு வாசகம் எழுதிய ஒன்று நமக்கு முப்பது பேரிடமிருந்து வந்தது. நாமும் அதையே இருநூறு பேருக்கு அனுப்பினோம். அந்த இருநூறு பேரில் அவளும் ஒருத்தி. பிழை செய்யாத நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரிடம் கேட்கும் மன்னிப்பு எளிது. இப்பழக்கத்தை நம் சமூகத்தார் விட்டொழித்தால் நலம் என்பது நம் தாழ்மையான கருத்து.

உறவுக்குள் எல்லை ஏது, எல்லை வந்தால் அன்பு போய்விடுமே என்று கேட்போர் உண்டு. இவ்வூரில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடல் அரக்கு, கரை பச்சை என்றால், அரக்கு இழை கரைக்குள் ஓடாது. பச்சை இழை உடலுக்குள் ஓடாது. சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதற்கென்று துணை ஆள் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒரே நாடாவில் ஓட்டிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆயினும் கோர்வைக்குத்தான் மதிப்பு. நன்கு கோத்த இணைப்பு எளிதில் விடாது. (பட்டு உடுத்தலாமா என்பது வேறு கேள்வி. எத்தனை பூச்சிகளின் உயிர் அதில் உள்ளது என்று அறிந்த நாளிலிருந்து நாம் பருத்தியே உடுத்துகிறோம். ஆனால் நெய்பவரின் கைத்திறனைப் பாராட்டாதிருக்க முடியவில்லை.)

கணவனும் மனைவியும் ஒருவர் கைப்பேசியை மற்றவர் பார்க்கலாமா, மருமகளின் கைப்பேசியை மாமியார் எடுக்கலாமா என்று இளம்பெண்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கொடாததைக் கொள்ளுதல் களவு என்பதே நம் அறநூல்களின் இலக்கணம். கொடுத்தால் பார்க்கலாம், கொடாவிட்டால் கேட்கலாம், உறங்கும்போது எடுப்பது களவே. இதற்கு மேல் ஓர் அனுபவமும் உண்டு. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் விடுதிக்கு வரும் கடிதங்களையும், விடுதியிலிருந்து போகும் கடிதங்களையும் காப்பாளர் பிரித்துப் படித்த பிறகே கொடுப்பார். எங்கள் நன்மைக்கென்றே அவர் செய்தார் என்பதில் ஐயமில்லை. விளைந்தது என்ன? நலம், நலமறிய ஆவல் என்று மட்டும் எழுதப் பழகினோம். உடல்நலமின்றிக் கிடந்த தோழி ஒருத்தி, வீட்டுக்கு அதை எழுத அஞ்சி, "மகிழ்ச்சியாக உள்ளேன்" என்று எழுதினாள். சிலர் உள்ளூர் மாணவியர் வழியே வேறு பெயரில் கடிதம் போக்குவரத்து நடத்தினர். வாய்மை விரதத்தின் அதிசாரங்களில் பொய்க் கடிதம் எழுதுதலும் ஒன்று. காப்பாளரின் கண்காணிப்பு எங்களுக்குக் கற்பித்தது அதைத்தான்.

சிறு குழந்தைகளின் செய்தி வேறு. பத்து வயதுப் பிள்ளை கைப்பேசியில் எதைப் பார்க்கிறது என்று பெற்றோர் அறிந்தே ஆக வேண்டும். ஆனால் "நான் பார்ப்பேன்" என்று முன்னமே சொல்லிப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏறப் பார்வை விலக வேண்டும். பேச்சு மட்டும் விலகக் கூடாது. முதல் வகுப்புக் குழந்தையின் பலகையைப் பார்ப்பதும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் நாட்குறிப்பைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு அரசுக்கு எதிரானது என்று எண்ணி நாம் மகிழ்ந்தோம். நம் வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும் என்று எண்ணவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறர் நம் பெண்களின் எல்லையைத் தாண்டி வரும்போது, "பொறுத்துக்கொள், க்ஷமை நம் தருமம்" என்று சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் இருக்கிறது. இது அறியாமை. 2016ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்து இளம்பெண் ஒருத்தியின் படத்தை எவனோ சிதைத்து முகநூலில் இட்டான். அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்று அவள் எழுதி வைத்திருந்ததாக நாளிதழில் படித்த அன்று நமக்கு உணவு இறங்கவில்லை. படத்தைச் சிதைத்தவன் ஒருவன். ஆனால் அவளுக்கு வீட்டில் நம்பிக்கைச் சொல் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

இம்சையை நான்காக வகுத்த நம் ஆசாரியர்கள், இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டியது எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையையே என்றனர். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க எதிர்நிற்பது விரோதி இம்சை. அது இல்லறத்தானுக்கு விலக்கப்படவில்லை. ஆகவே தவறான படத்தைக் காட்டி மிரட்டுபவன்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது அஹிம்சைக்கு மாறன்று. இணையக் குற்றங்களுக்கென்று 1930 என்ற எண் உள்ளது. அதனை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், காணொளி அழைப்பை விட்டு நகரக் கூடாது" என்று காவலர் உடையில் மிரட்டிப் பணம் பறிப்போரிடமும் முதியோர் சிக்கியிருக்கிறார்கள். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு அதே எண்ணுக்குச் சொல்லலாம். பிள்ளைகள் வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்லையை எப்படி வகுப்பது என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் அதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் நாம் உண்பதில்லை. அயலார் வீட்டுத் திருமணத்திற்குப் போனாலும், "அவர்கள் நயினார் வீட்டார், இரவில் உண்ணமாட்டார்கள்" என்று அவர்களே முன்கூட்டி இலை போட்டுவிடுகிறார்கள். எவரும் வருந்துவதில்லை. ஏன்? நாள்தோறும் மாற்றாமல், எவரையும் பழிக்காமல், நம் முன்னோர் அந்த எல்லையில் நின்றார்கள்; ஊர் அதனைக் கற்றுக்கொண்டது. நீங்களும் இரவில் உண்ணாதீர்கள் என்று நாம் ஊராருக்குக் கட்டளையிடவில்லை. விரதம் நம்மைக் கட்டுவது, பிறரைக் கட்டுவதன்று.

அதே முறையில் நாம் ஒன்று தொடங்கினோம். மாலை உணவு முடிந்து சாமாயிகத்தில் அமருமுன் கைப்பேசியைக் கூடத்து மாடத்தில் வைத்துவிடுகிறோம். காலைத் தரிசனம் முடிந்த பிறகே எடுக்கிறோம். முதலில் ஒரு பட்சத்திற்கு என்று மட்டும் எல்லை வைத்தோம். தேசாவகாசிகத்தில் காலம் குறித்துக்கொள்வதுதானே முறை. அவசரமென்றால் அண்டை வீட்டுக்கு அழைக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டோம். முதல் வாரம் மூவர் கோபித்துக்கொண்டனர். நாம் மாடத்துப் பக்கம் நான்கு முறை நடந்தோம். கண்ணாடி தேடுவதாகப் பாவனை வேறு. நான்காம் திங்களில் கோபித்தவர்களே, "இப்போது எடுக்கமாட்டார்கள், காலையில் பேசலாம்" என்று பிறருக்குச் சொல்லத் தொடங்கினர். உறவினர் குழுவில் இன்னும் இருக்கிறோம். ஆனால் பிறர் வீட்டுச் செய்தி எதனையும், அது திருமணச் செய்தியே ஆயினும், அவர்கள் சொல்லுமுன் நாம் சொல்வதில்லை. இதில் இருமுறை வழுவினோம். அதற்குரிய பிராயச்சித்தமாக மறுநாள் கைப்பேசியைத் தொடவில்லை.

சென்ற ஆண்டு மன்னிப்பு நாளன்று தாமரைப் படம் எதுவும் அனுப்பவில்லை. பேருந்தேறித் தங்கை மகளின் ஊருக்குச் சென்றோம். வருவதாக முதல் நாளே சொல்லி, வரலாமா என்று கேட்டிருந்தோம். அவள் நெடுநேரம் கழித்து "சரி" என்று ஒரு சொல் அனுப்பியிருந்தாள். கதவைத் திறந்தாள். கூடத்தில் அமரச் சொன்னாள். செய்த பிழையை, செய்தபடியே, நாத்தனாரின் விரலைச் சேர்க்காமல் சொன்னோம். அவள் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னர் எழுந்து சென்று காப்பி கொண்டுவந்தாள். கடன் என்னவாயிற்று என்று கேட்க நா துடித்தது, கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுடைய மகன் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அதைப் போட்டுக் கொடுத்தோம். பொழுது சாயுமுன் புறப்பட்டோம். தெருமுனை வரை உடன் வந்தாள்.